கான்வாய் என்றால் என்ன? கனடாவின் கார்வெட்டுகளை வைத்து ஓர் எளிய விளக்கம்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்கு வேண்டிய பெட்ரோல் ஏறத்தாழ முழுவதும் கப்பலில்தான் வந்தது. கோதுமை, இறைச்சி, மரம், அலுமினியம், வெடிமருந்து ஆகியவற்றிலும் பெரும்பங்கு கடல் வழியாகவே வந்தது. கனடாவில் கட்டிய 10,000 டன் சரக்குக் கப்பல் ஒன்றில் ஏற்றும் உணவு, 2,25,000 பேருக்கு ஒரு வாரத்துக்குக் காணும் என்று கணக்குச் சொல்வார்கள். அப்படி ஒரு கப்பல் மூழ்கினால் அத்தனை வீடுகளில் அடுப்புக்கு வேலையில்லை. ஜெர்மனியின் நீர்மூழ்கிகள் குறிவைத்தது இதைத்தான். போர்க்கப்பல்களோடு மோதி வெல்வதைவிட, தானியமும் எண்ணெயும் ஏற்றிய கப்பல்களை மூழ்கடிப்பது அவர்களுக்கு எளிதாகவும் ஆதாயமாகவும் இருந்தது.

இதற்கு எதிராக எடுத்த ஏற்பாடுதான் கான்வாய். தமிழில் கப்பல் தொடரணி என்று சொல்லலாம். பல வணிகக் கப்பல்கள் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே வேகத்தில், கார்வெட் என்ற சிறு போர்க்கப்பல்கள் போன்ற காவல் கப்பல்கள் சூழப் போவது. வட அட்லாண்டிக்கில் இந்த ஏற்பாட்டின் பாரத்தில் கணிசமான பங்கைச் சுமந்தவர்கள் கனடாவின் மாலுமிகளும் விமானிகளும். 1939-இல் கனடாக் கடற்படையிடம் இருந்தவை டெஸ்ட்ராயர் என்ற வேகமான போர்க்கப்பல்கள் ஆறும் சில சிறு கப்பல்களும் மட்டுமே. போர் முடியும்போது 400-க்கும் மேற்பட்ட கலங்கள் இருந்தன; ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அதில் பணியாற்றியிருந்தார்கள்.

எல்லோருக்கும் முதலில் எழும் சந்தேகம் ஒன்று உண்டு. நாற்பது கப்பல்களை ஒரே இடத்தில் குவித்தால் எதிரிக்கு வேலை சுலபமாகிவிடாதா? முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையே இப்படித்தான் நினைத்து, 1917 வரை கான்வாய்க்குத் தயங்கியது. அந்த நினைப்பு எங்கே பிழைபடுகிறது என்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

தெளிவான நாளில் ஒரு கப்பலின் புகையோ பாய்மரக் கம்பமோ சுமார் 10 மைல் தொலைவிலிருந்து நீர்மூழ்கியின் கண்ணில் படும் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் போகும் நாற்பது கப்பல்கள் கடலில் நாற்பது வட்டங்களை வரைகின்றன. எந்த வட்டத்துக்குள் நீர்மூழ்கி இருந்தாலும் ஆபத்து. அதே நாற்பதும் நாலைந்து மைல் அகலத்துக்குள் கூடிப் போனால் இருப்பது ஒரே வட்டம். அதன் ஆரம் 10 மைலுக்குப் பதில் 12 மைல், அவ்வளவுதான். அட்லாண்டிக்கின் பரப்பில் அந்த இரண்டு மைல் கூடுதல் ஒரு பொருட்டே அல்ல. ஆகவே பெரும்பாலான கான்வாய்களை நீர்மூழ்கிகள் பார்க்கவே இல்லை. பார்த்துவிட்டாலும் முதல் டார்பிடோ (நீருக்குள் பாய்ந்து தாக்கும் குண்டு) வெடித்ததும் காவல் கப்பல்கள் பாய்ந்து வரும். இரண்டாவது கப்பலை நிதானமாகக் குறிபார்க்க நேரம் கிடைக்காது.

அடுத்தது வேலிக் கணக்கு. வயலுக்கு வேலி போட்டவர்களுக்கு இது தெரிந்ததே: நிலம் நாலு மடங்கானால் வேலி இரண்டு மடங்குதான் ஆகும். காவல் கப்பல்கள்தான் கான்வாயின் வேலி. கப்பல்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் காவலை இரட்டிப்பாக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் பேட்ரிக் பிளாக்கெட் என்ற இயற்பியலாளரின் குழு பழைய பதிவுகளை அலசியபோது, சராசரியாக 32 கப்பல்கள் கொண்ட கான்வாய்கள் 2.5 சதவீதத்தையும், சராசரி 54 கப்பல்கள் கொண்டவை 1.1 சதவீதத்தையும் இழந்திருந்தது தெரிந்தது. அதன் பிறகே கான்வாய்களைத் துணிந்து பெரிதாக்கினார்கள்.

புறப்படும் முன்

கனடா 1939 செப்டம்பர் 10 அன்று போர் அறிவித்தது. ஆறாம் நாள், செப்டம்பர் 16-இல், எச்.எக்ஸ். 1 என்ற முதல் கான்வாய் கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள ஹாலிஃபாக்ஸிலிருந்து கிளம்பியது. 18 வணிகக் கப்பல்கள்; கூடவே செயின்ட் லாரன்ட், சாகுனே என்ற இரு கனடிய டெஸ்ட்ராயர்கள்.

ஹாலிஃபாக்ஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. குளிர்காலத்திலும் உறையாத துறைமுகம் அது. உள்ளே பெட்ஃபோர்ட் பேசின் என்ற அகன்ற நீர்ப்பரப்பு இருக்கிறது. அதற்குள் போக ஒடுங்கிய வாய் மட்டுமே வழி. வாயிலில் நீர்மூழ்கித் தடுப்பு வலையைக் கட்டிவிட்டால், உள்ளே டஜன் கணக்கான கப்பல்கள் கவலையின்றி நங்கூரமிட்டுக் காத்திருக்கலாம்.

கான்வாய்களுக்குப் பெயர் எழுத்தும் எண்ணும் சேர்ந்தது. எச்.எக்ஸ். என்றால் ஹாலிஃபாக்ஸிலிருந்து (பின்னாளில் நியூயார்க்கிலிருந்து) பிரிட்டனுக்குப் போகும் வேகமான கான்வாய். வேகம் என்றாலும் மணிக்கு 9, 10 கடல் மைல்தான். எஸ்.சி. என்றால் மெதுவானது, கேப் பிரெட்டன் தீவின் சிட்னியிலிருந்து 1940 ஆகஸ்டில் தொடங்கியது. மணிக்கு 7 கடல் மைல், அதாவது 13 கிலோமீட்டர். சைக்கிளில் நிதானமாகப் போகும் வேகம். ஏறத்தாழ 2,500 கடல் மைல் தூரத்தை அந்த வேகத்தில் கடக்க, சுற்றுவழி எதுவும் இல்லாவிட்டாலே 15 நாள் ஆகும். கிழட்டு எஞ்சின் கொண்ட கப்பல்களெல்லாம் இதில்தான் சேர்ந்தன. கனடாவின் காவல் கப்பல்களுக்கும் இந்த மெதுவான கான்வாய்களே அதிகம் வாய்த்தன.

மிக வேகமான கப்பல்கள் மட்டும் விதிவிலக்கு. மணிக்கு 28 கடல் மைல் ஓடும் குயின் மேரி போன்ற பயணிகள் கப்பல்களை எந்த நீர்மூழ்கியாலும் துரத்திப் பிடிக்க முடியாது. அவை படைவீரர்களை ஏற்றிக்கொண்டு தனியாகவே ஓடின. ஆனால் கனடாவின் முதல் தரைப்படைப் பிரிவு 1939 டிசம்பர் 10-இல் ஹாலிஃபாக்ஸை விட்டுக் கிளம்பியபோது கான்வாயாகத்தான் போனது: ஐந்து பயணிகள் கப்பல்கள், 7,000-க்கும் மேற்பட்ட வீரர்கள்.

புறப்படும் நாளன்று எல்லாக் கப்பல்களின் கேப்டன்களையும் கரையில் ஓர் அறையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்துவார்கள். பாதை, வேகம், கொடிக் குறிகள், வரிசையில் யாருக்கு எந்த இடம் என்பதெல்லாம் அங்கே சொல்லப்படும். கூட்டத்தை விட்டுப் பின்தங்கிப்போனால் எந்த வழியாக வர வேண்டும் என்பது முத்திரையிட்ட உறையில் இருக்கும். வானொலியை யாரும் தொடக் கூடாது. கடலில் பேச்சு எல்லாம் கொடியிலும் சிக்னல் விளக்கிலும்தான்.

நீளம் அல்ல, அகலம்

கான்வாய் என்றதும் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு போகும் லாரி வரிசையை மனதில் வைத்தால் தவறாகும். கடல் கான்வாய் குறுக்கே விரிந்தது. நாற்பது கப்பல் என்றால் ஒன்பது நெடுவரிசை, வரிசைக்கு நாலு அல்லது ஐந்து கப்பல். பக்கத்து வரிசைக்கு 1,000 கஜம் இடைவெளி; முன் கப்பலுக்கும் பின் கப்பலுக்கும் 600 கஜம். அகலம் 8,000 கஜம், நீளம் 2,400 கஜம்தான்.

நீர்மூழ்கிக்கு வசதியான குறி, பக்கவாட்டில் முழு நீளமும் தெரியும் கப்பல். பக்கத்திலிருந்து பார்த்தால் கான்வாய் குட்டையாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த அமைப்பு. எண்ணெய்க் கப்பல்களையும் வெடிமருந்துக் கப்பல்களையும் நடுவில் வைப்பார்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் இரண்டு இலக்க எண் உண்டு: 53 என்றால் ஐந்தாம் வரிசையில் மூன்றாவது கப்பல்.

தலைமை இரண்டு பேரிடம் இருந்தது. வணிகக் கப்பல்களை வழிநடத்துபவர் கொமடோர்; நடு வரிசையின் முதல் கப்பலில் இருப்பார். பெரும்பாலும் ஓய்விலிருந்து திரும்பி வந்த வயதான கடற்படை அதிகாரி. காவல் கப்பல்களுக்குத் தனித் தலைவர். கான்வாயின் பாதுகாப்புக்கு அவரே பொறுப்பு. வரிசையைக் கலைத்துத் திருப்புவது, வேகம் குறைப்பது போன்றவற்றில் இவர்கள் இருவருக்கும் ஒத்துப்போகாவிட்டால் எல்லாம் குழம்பிவிடும்.

வரிசையில் நிற்பதே பெரிய பாடு. சரக்குக் கப்பலுக்குப் பிரேக் கிடையாது. எஞ்சின் சுற்றை ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்து, இரவில் விளக்கே இல்லாமல், முன்னால் போகும் கப்பலின் மங்கலான நீலப் பின்விளக்கை வைத்து இடைவெளி காக்க வேண்டும். நியூஃபவுண்ட்லாந்துக் கரையருகே மூடுபனி இறங்கினால் அந்த விளக்கும் தெரியாது. அப்போது ஒவ்வொரு கப்பலும் நீண்ட கயிற்றில் ஒரு மிதவையை இழுத்துச் செல்லும். அது தண்ணீரைப் பீய்ச்சி எழுப்பும் வெள்ளைத் திவலையைப் பார்த்துப் பின்னால் வருபவர் தொடர வேண்டும். 1941 டிசம்பரில் வின்ட்ஃப்ளவர் என்ற கனடியக் கார்வெட், எதிரி யாரும் தொடாமலே, மூடுபனியில் தன் கான்வாயின் சரக்குக் கப்பலோடு மோதி மூழ்கியது.

பகலில் கரும்புகை விடக் கூடாது. குப்பையைப் பகலில் கொட்டவும் தடை. மிதக்கும் காய்கறித் தோலும் பெட்டிப் பலகையும் எதிரிக்கு வழிகாட்டிவிடும் என்பதால் இருட்டிய பிறகே கொட்டுவார்கள். எல்லாவற்றையும்விடக் கொடிய விதி இது: பக்கத்துக் கப்பல் அடிபட்டாலும் நிற்காதே. நின்ற கப்பல் அடுத்த குறி. கடலில் விழுந்தவர்களை எடுக்க வரிசையின் கடைசிக் கப்பலோ தனி மீட்புக் கப்பலோ வர வேண்டும். வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீரில் ஒரு மனிதன் தாக்குப்பிடிப்பது பல வேளைகளில் சில நிமிடங்களே.

கார்வெட்

வேலி போட ஆள் வேண்டும். டெஸ்ட்ராயர் கட்ட நெடுங்காலமும் பெரும்பணமும் ஆகும். கனடாவில் அதற்கான கப்பல் தளங்களும் போதவில்லை. எனவே திமிங்கில வேட்டைக் கப்பலின் வடிவத்தை ஒட்டி பிரிட்டனின் வில்லியம் ரீட் வரைந்த சிறு போர்க்கப்பலைக் கையிலெடுத்தார்கள். அதுதான் ஃப்ளவர் வகைக் கார்வெட். கனடாக் கடற்படை போர்க்காலத்தில் இயக்கிய கார்வெட்டுகள் மொத்தம் 123. பெரும்பாலானவற்றுக்கு ஊர்ப் பெயர் வைத்தார்கள்: மூஸ் ஜா, ஓரிலியா, ஷாம்ப்ளி, சாக்வில். உள்நாட்டுச் சிற்றூர் மக்கள் தங்கள் ஊர்ப் பெயர் கொண்ட கப்பலுக்குக் கம்பளிக் காலுறையும் கையுறையும் பின்னி அனுப்பினார்கள்.

நீளம் 205 அடி, அகலம் 33 அடி. இரண்டு கொதிகலன்கள், 2,750 குதிரைத்திறன் கொண்ட நீராவி எஞ்சின் ஒன்று, ஒரே சுழலி. சாதாரண வணிகக் கப்பலில் வேலை பார்த்தவரும் ஓட்டக்கூடிய எஞ்சின் என்பது இதன் நன்மை. முன்னால் 4 அங்குலப் பீரங்கி ஒன்று, பின்னால் ஆழ்குண்டுகள். உச்ச வேகம் மணிக்கு 16 கடல் மைல். நீர்மேல் ஓடும் ஜெர்மன் நீர்மூழ்கியின் வேகமோ 17-க்கு மேல். காவல்காரனைவிடத் திருடன் வேகமாக ஓடுவான் என்பது ஆரம்பம் முதலே தெரிந்த குறை.

குட்டையான, உருண்டையான உடல். எந்தப் புயலிலும் மூழ்காது. ஆனால் ஓயாமல் உருளும். ஈரப் புல்லின்மேல் விட்டால்கூட உருளும் என்று மாலுமிகள் சொல்வார்கள். சுமார் 50 பேருக்காக வரைந்த கப்பலில் போகப்போக 80-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். ரேடார் வந்தால் அதைப் பார்க்க ஆள், புதிய துப்பாக்கி வந்தால் அதற்கு ஆள் என்று கூட்டம் பெருகியது. தூங்கும் இடம் முன்பக்கம், சமையற்கட்டு பின்பக்கம். நடுவில் திறந்த மேல்தளம். சூப்புப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும்போது ஓர் அலை அடித்தால் அன்று எல்லோருக்கும் பட்டினி. ரொட்டி சில நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். பிறகு கல் போன்ற பிஸ்கட்டும் டப்பா இறைச்சியும்தான். பின்னர் முன்தளத்தைப் பின்னோக்கி நீட்டி மூடியபோதுதான் இந்த அவதி குறைந்தது. கனடியக் கப்பல்களில் பலவற்றுக்கு அந்த மாற்றம் தாமதமாகவே கிடைத்தது.

குளிர்காலத்தில் இன்னொரு எதிரி பனிக்கட்டி. தெறிக்கும் அலை பாய்மரக் கம்பத்திலும் பீரங்கியிலும் கம்பிகளிலும் உறைந்து டன் கணக்கில் ஏறும். மேற்பகுதி கனத்தால் கப்பல் கவிழும். ஆகவே கோடரியும் மரச் சுத்தியலுமாக, உருளும் தளத்தில் நின்று, இரவும் பகலும் உடைத்துத் தள்ள வேண்டும். இந்தக் கப்பல்களில் வந்தவர்களில் பலர் கனடாவின் கோதுமைச் சமவெளியிலிருந்து வந்த தன்னார்வலர்கள். சேர்வதற்கு முன் கடலையே பார்த்திராதவர்கள்.

கேட்பதும் அடிப்பதும்

நீருக்குள் இருக்கும் நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்க ஆஸ்டிக் இருந்தது. இன்று சோனார் என்கிறோம். கப்பலின் அடியிலுள்ள கருவி 'பிங்' என்று ஓர் ஒலியை அனுப்பும். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். எதிரொலி இரண்டு நொடியில் திரும்பினால், போக ஒரு நொடி, வர ஒரு நொடி. பொருள் 1,500 மீட்டரில் இருக்கிறது. எதிரொலியின் சுருதி சற்று ஏறியிருந்தால் அது நம்மை நோக்கி வருகிறது. இறங்கியிருந்தால் விலகிப் போகிறது. நல்ல காதுள்ள ஒருவர் இதைக் கேட்டே திமிங்கிலத்தையும் நீர்மூழ்கியையும் பிரித்துச் சொல்லிவிடுவார்.

இப்போது மேலே சொன்ன நாற்பது கப்பல் கான்வாய்க்குத் திரும்புவோம். அதைச் சுற்றி 4,000 கஜம் தள்ளிக் காவல் கப்பல்கள் நிற்கின்றன. சுற்றளவு 52,800 கஜம், அதாவது 48 கிலோமீட்டர். ஒரு கப்பலின் ஆஸ்டிக் இரு பக்கமும் 1,500 கஜம் கேட்கும் என்றால், ஆறு கப்பல் சேர்ந்து 18,000 கஜம். வேலியில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே ஆள் இருக்கிறது. அதனால்தான் காவல் கப்பல்கள் நேராக ஓடாமல் வளைந்து வளைந்து ஓடின. எண்பது கப்பலைப் பதினெட்டு வரிசையாக நிறுத்தினால் சுற்றளவு 70,800 கஜம்தான். கப்பல் இரு மடங்கு, வேலி மூன்றில் ஒரு பங்கு மட்டும் கூடுதல்.

கண்டுபிடித்த பிறகு அடிப்பதுதான் கடினம். ஆழ்குண்டு என்பது சுமார் 300 பவுண்டு வெடிமருந்து அடைத்த இரும்புப் பீப்பாய். கப்பலின் அமரத்திலிருந்து, அதாவது பின்முனையிலிருந்து, உருட்டி விடுவார்கள். பக்கவாட்டில் வீசவும் கருவி உண்டு. உள்ளே நீரழுத்தத்தால் இயங்கும் விசை, 50 முதல் 500 அடி வரை குறித்த ஆழத்தில் வெடிக்கச் செய்யும்.

ஏன் குறி தவறும் என்று பாருங்கள். ஆஸ்டிக்கின் ஒலி முன்னோக்கிப் போவது. கார்வெட் நெருங்கி வந்ததும், கடைசி 150, 200 கஜத்தில், ஒலி நீர்மூழ்கியின் தலைக்கு மேலே போய்விடும், தொடர்பு அறுந்துவிடும். இனிக் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுவது மாதிரிதான். கார்வெட் அதைத் தாண்டிப் போய்க் குண்டை விட வேண்டும். நொடிக்கு 10 அடி வீதம் இறங்கும் குண்டு 250 அடிக்குப் போக 25 நொடி. மணிக்கு 5 கடல் மைல் ஓடும் நீர்மூழ்கி அந்த 25 நொடியில் 60 மீட்டருக்கு மேல் விலகிவிடும். குண்டோ பத்து மீட்டருக்குள் வெடித்தால்தான் கொல்லும். ஆழமும் சரியாகத் தெரியாது. அதனால்தான் ஒன்றாக விடாமல் ஐந்து, பத்து என்று கோலப்புள்ளி மாதிரிப் பரப்பி விட்டார்கள். வெடித்த பிறகு கலங்கிய நீரில் சில நிமிடம் ஆஸ்டிக்குக்குக் காதே கேட்காது. நீர்மூழ்கித் தலைவர்கள் தப்பிய நேரம் அதுவே.

மெதுவாக ஓடிக்கொண்டு 50 அடிக்குக் குறித்த குண்டை விட்டால் இன்னொரு விபரீதம்: சொந்தக் கப்பலின் பின்பகுதியே பிளந்துகொள்ளும். குறைந்த ஆழத்துக்கு விடும்போது முழு வேகத்தில் இருக்க வேண்டும்.

ஹெஜ்ஹாக் என்ற ஆயுதம் இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்தது. 24 சிறு குண்டுகளைக் கப்பலுக்கு முன்னால் எறியும். எதன்மீதாவது மோதினால்தான் வெடிக்கும். தொடர்பு அறுமுன்பே அடிக்கலாம். தவறினாலும் நீர் கலங்காது. ஆனால் இதுவும் கனடியக் கப்பல்களுக்குத் தாமதமாகவே வந்து சேர்ந்தது.

ஜெர்மானியர் கண்ட மாற்று வழி இன்னும் எளியது. இரவில், நீர்மேல் மிதந்தபடி வருவது. நீர்மேல் இருக்கும் நீர்மூழ்கியை ஆஸ்டிக் அநேகமாகக் கேட்காது. தாழ்ந்த உருவம் என்பதால் கண்ணுக்கும் தெரியாது. ஒரு நீர்மூழ்கி கான்வாயைக் கண்டதும் தாக்காமல் பின்தொடர்ந்து வானொலியில் சொல்லும். மற்றவை கூடியதும் ஓநாய்க் கூட்டம் போல ஒரே இரவில் பாயும். இதற்கு மாற்று ரேடார். பிரிட்டனின் 10 சென்டிமீட்டர் அலை ரேடாருக்குக் கரடுமுரடான கடலிலும் நீர்மூழ்கியின் கோபுரம் தெரிந்தது. கனடாவில் செய்த ஒன்றரை மீட்டர் அலை ரேடாரில் அலைகளுக்கிடையே நீர்மூழ்கி மறைந்துபோனது. 1942 முழுவதும் பெரும்பாலான கனடியக் கார்வெட்டுகள் இந்த இரண்டாவதோடுதான் போராடின.

நீர்மூழ்கிகள் பேசுவதும் ஒருவகையில் உதவியது. வானொலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அளக்கும் நிலையங்கள் கரையில் இருந்தன. நியூ பிரன்ஸ்விக்கின் கவர்டேலில் அப்படி ஒரு நிலையத்தை, 1942-இல் தொடங்கிய கடற்படை மகளிர் பிரிவின் பெண்களே இயக்கினார்கள்.

எஸ்.சி. 42

கோளாறுகள் எல்லாம் ஒன்றுகூடினால் என்ன ஆகும் என்பதற்கு 1941 செப்டம்பரில் சிட்னியிலிருந்து வந்த இந்தக் கான்வாயைப் பார்த்தால் போதும். 60-க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள். காவலுக்கு ஸ்கீனா என்ற டெஸ்ட்ராயர் ஒன்றும், ஆல்பர்னி, ஓரிலியா, கெனோகாமி என்ற மூன்று கார்வெட்டுகளும் மட்டும். செப்டம்பர் 9 இரவு கிரீன்லாந்து அருகே நீர்மூழ்கிக் கூட்டம் பாய்ந்தது. ஒரு கார்வெட் நீர்மூழ்கியைத் துரத்தப் போனால் அந்தப் பக்கம் வேலி திறந்துவிடும். மூழ்குபவர்களை எடுக்கப் போனாலும் அப்படியே. அடிபட்ட எண்ணெய்க் கப்பல் ஒன்றை இழுத்துக்கொண்டு ஓரிலியா ஐஸ்லாந்துக்குப் போய்விட, மூன்றுதான் மிச்சம். இழந்த கப்பல்கள் மொத்தம் 16.

ஓரிலியா செய்தது மனிதத்தன்மை; ஆனால் கான்வாய்க் கணக்கில் அது பிழை. இதைச் சொல்லக் கடினமாகத்தான் இருக்கிறது. காவல் கப்பலின் முதல் கடமை வேலியில் நிற்பது. நீர்மூழ்கியை நீருக்குள் அமுக்கி, கான்வாய் தாண்டிப் போகும்வரை தலைதூக்க விடாமல் வைத்துவிட்டுத் திரும்பி ஓடிவந்து தன் இடத்தில் நிற்க வேண்டும். கொன்று முடிக்க மணிக்கணக்கில் அங்கேயே சுற்றினால் கான்வாய் திறந்து கிடக்கும். கனடியக் கார்வெட்டுகளின் கணக்கில் மூழ்கடித்த நீர்மூழ்கிகள் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கரை சேர்ந்த கப்பல்களை எண்ணாமல் கொன்ற நீர்மூழ்கிகளை மட்டும் எண்ணி அவர்களை எடைபோடுவது நியாயமாகாது.

மறுநாள் இரவு, பயிற்சிக்காக அந்தப் பக்கம் வந்திருந்த ஷாம்ப்ளி, மூஸ் ஜா என்ற இரு கார்வெட்டுகள் வந்து சேர்ந்தன. ஷாம்ப்ளியின் ஆழ்குண்டுகள் யூ-501 என்ற நீர்மூழ்கியை நீர்மேல் வரவைத்தன. அதன் தலைவர் நேரே மூஸ் ஜாவின் தளத்தில் குதித்துச் சரணடைந்தார். கனடாக் கடற்படை உறுதியாக மூழ்கடித்த முதல் ஜெர்மன் நீர்மூழ்கி அது. பயிற்சி பெற்ற கப்பல்கள் செய்ததைப் பயிற்சியற்ற கப்பல்கள் செய்ய முடியவில்லை என்பதை அந்த இரவு காட்டிவிட்டது. ஆனாலும் கப்பல் கட்டும் வேகத்துக்கு ஆள் பழக்கும் வேகம் ஈடுகொடுக்கவில்லை. ஒரு கப்பலில் தேறியவர்களைப் பிரித்துப் புதுக் கப்பல்களுக்கு அனுப்பினார்கள். எந்தக் கப்பலிலும் கூட்டாக வேலை செய்யப் பழகிய குழு தங்கவில்லை. 1942-இன் பின்பாதியில் நடு அட்லாண்டிக்கில் இழந்த கப்பல்களில் பெரும்பங்கு கனடியக் காவலில் வந்த கான்வாய்களில்தான். 1943 தொடக்கத்தில் கனடியக் குழுக்களைப் பயிற்சிக்காகப் பின்னிழுத்தார்கள். புதுக் கருவிகளோடு வசந்தத்தில் திரும்பினார்கள். ஏப்ரல் 30 அன்று வடமேற்கு அட்லாண்டிக் முழுவதும் ரியர் அட்மிரல் லியோனர்ட் மர்ரியின் தலைமையில் வந்தது. அந்தப் போரில் ஒரு நேசநாட்டுப் போர்க்களத்துக்குத் தலைமை தாங்கிய ஒரே கனடியர் அவர்.

மேலிருந்து ஒரு கண்

நீர்மூழ்கி என்பது உண்மையில் வேண்டும்போது மூழ்கக்கூடிய படகு. நீர்மேல் டீசலில் வேகமாக ஓடும். நீருக்குள் பாட்டரியில் மணிக்கு 4 கடல் மைல் ஊர்ந்தால்தான் ஒரு நாள் தாங்கும். எனவே விமானம் ஒன்று தலைக்கு மேல் வந்து அதை மூழ்க வைத்தாலே போதும். 7 கடல் மைல் வேகக் கான்வாயைக்கூட அதனால் எட்டிப் பிடிக்க முடியாது. ஒரு குண்டும் போடாமல் கான்வாய் தப்பிவிடும்.

நடு அட்லாண்டிக்கில் இரு கரை விமானங்களும் எட்டாத இடைவெளி ஒன்று இருந்தது. பெரிய இழப்புகள் அங்கேதான். துப்பாக்கியையும் கவசத்தையும் குறைத்து எரிபொருள் தொட்டிகளைக் கூட்டிய லிபரேட்டர் விமானங்கள் 1943 வசந்தத்தில் நியூஃபவுண்ட்லாந்தின் கேண்டரிலிருந்த கனடாவின் 10-ஆம் ஸ்குவாட்ரனுக்கு (விமானப் படைப்பிரிவு) கிடைத்தபோது இடைவெளி மூடியது. அந்த மே மாதம் மட்டும் ஜெர்மனி 41 நீர்மூழ்கிகளை இழந்தது. மே 24-இல் ஜெர்மன் கடற்படைத் தலைவர் அட்மிரல் டோனிட்ஸ் வட அட்லாண்டிக்கிலிருந்து தன் கூட்டங்களைப் பின்வாங்கச் சொன்னார்.

கனடியர்கள் கான்சோ என்று அழைத்த கட்டலினா பறக்கும் படகும் இந்த வேலையைச் செய்தது. 1944 ஜூன் 24-இல் டேவிட் ஹார்னெல் ஓட்டிய கான்சோ, ஒரு எஞ்சின் எரிந்து விழும் நிலையிலும் யூ-1225-ஐ மூழ்கடித்துவிட்டுக் கடலில் இறங்கியது. எட்டுப் பேருக்கு ஒரே ரப்பர் படகு. 21 மணி நேரம். மீட்புக்குப் பின் ஹார்னெல் இறந்தார். வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ் அவருக்கு வழங்கப்பட்டது. இதே வகை விமானத்துக்கு இலங்கையிலும் ஒரு வரலாறு உண்டு. 1942 ஏப்ரல் 4 அன்று கொக்கலையிலிருந்து கிளம்பிய கனடாவின் 413-ஆம் ஸ்குவாட்ரன் கட்டலினாவில் லியோனர்ட் பர்ச்சால் ஜப்பானியக் கடற்படையைக் கண்டு, சுட்டு வீழ்த்தப்படுமுன் கொழும்புக்குச் செய்தி அனுப்பினார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு குண்டுவீச்சுக்கு முன் துறைமுகத்துக் கப்பல்கள் பல வெளியேற அந்த அவகாசம் உதவியது.

1943 செப்டம்பரில் ஜெர்மனி ஒலியைத் தேடிப் போகும் டார்பிடோவைக் கொண்டுவந்தது. சுழலியின் சத்தத்தை நோக்கி வந்து பின்பகுதியில் அடிக்கும். கனடிய டெஸ்ட்ராயர் செயின்ட் குரோயி அதற்குப் பலியானது. சில வாரங்களுக்குள்ளேயே கனடியர்கள் மாற்று கண்டார்கள்: கப்பலுக்குப் பின்னால் கயிற்றில் இழுபடும் இரண்டு இரும்புக் குழாய்கள். நீரோட்டத்தில் ஒன்றோடொன்று அடித்துக் கடகடவென்று சுழலியைவிட உரக்கச் சத்தமிடும். டார்பிடோ அதைத் தேடிப் போய்விடும். பிரிட்டன் செய்த கருவியைவிட எளியது, மலிவானது.

1944 ஜூலையில் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய எச்.எக்ஸ்.எஸ். 300-இல் 160-க்கும் மேற்பட்ட கப்பல்கள் 19 வரிசையாக அட்லாண்டிக்கைக் கடந்தன. போரின் மிகப் பெரிய கான்வாய் அது. பத்து லட்சம் டன்னுக்கு மேல் சரக்கு. நடுக்கடலில் காவலுக்கு டன்வர் என்ற ஃபிரிகேட்டும் (கார்வெட்டைவிடப் பெரிய காவல் கப்பல்) ஆறு கார்வெட்டுகளும், எல்லாம் கனடியக் கப்பல்கள். ஆகஸ்ட் 3-இல் ஒரு கப்பலும் இழக்காமல் பிரிட்டனை அடைந்தது. அன்றைய பத்திரிகைகளுக்கு அதில் செய்தி இல்லை.

இவ்வளவு காவலும் யாருக்காகவோ அந்த வணிகக் கப்பல் மாலுமிகளுக்குச் சீருடை இல்லை. பலருக்கு ஓய்வூதியமும் இல்லை. சுமார் 12,000 கனடியர்கள் இப்படிக் கடலில் வேலை பார்த்தார்கள். 1,600-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. போர் வீரர்களுக்குரிய உரிமைகளை நாடாளுமன்றம் அவர்களுக்குச் சட்டமாகக் கொடுத்தது 1992-இல். அதற்குள் பெரும்பாலோர் முதியவர்கள், பலர் இறந்தும்விட்டார்கள். அவர்களுக்கான நினைவு நாள் செப்டம்பர் 3. 1939-இல் அதே நாளில் ஏதீனியா என்ற பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. அதில் பணிப்பெண்ணாக இருந்த கியூபெக்கைச் சேர்ந்த ஹன்னா பேர்ட் உயிரிழந்தார். கனடா போர் அறிவிக்க அப்போது இன்னும் ஒரு வாரம் இருந்தது.